இருக்கான்னே தெரியாத துகளுக்கு இவ்வளவு செலவு எதுக்கு?

ஆத்தூர்ல இருந்து ஒருத்தர் கேட்டது, அப்படியே போடறேன்:

“டார்க் மேட்டர், ஆக்ஸியான், மோனோபோல்னு நாப்பது அம்பது வருஷமா தேடறாங்க, ஒன்னும் சிக்கல. ஒவ்வொரு தடவையும் ‘கிடைக்கல, ஆனா முக்கியமான ரிசல்ட்’னு நியூஸ் வருது. கிடைக்காதது எப்படிங்க ரிசல்ட் ஆகும்? எங்க ஊர் ஸ்கூல் லேப்ல உருப்படியா ஒரு மல்டிமீட்டர் கிடையாது. இல்லாததைத் தேடற காசை இருக்கறதுக்குப் போடலாமே. பிசிக்ஸ் வாத்தியாருங்க யாராச்சும் பதில் சொல்லுங்க.”

ஜூன் 8, 2025, ராத்திரி 10:40

நான் பிசிக்ஸ் வாத்தியார்தாங்க, சேலம் பக்கம் பிளஸ் டூவுக்கு எடுக்கறேன். லேப் பத்தி நீங்க சொன்னது முழுக்க நியாயம், அதுக்குத் தனியா வரேன். முதல்ல “கிடைக்காதது எப்படி ரிசல்ட்”ங்கறதை எடுத்துக்கறேன். டார்க் மேட்டர்னா கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பால மட்டும் இழுக்கற பொருள். ஆக்ஸியான், மோனோபோல் ரெண்டும் கணக்குல மட்டும் இருக்கற துகள், பின்னாடி சொல்றேன்.

எங்கப்பா ஆழ்துளைக் கிணறு போடற போர் வண்டி வெச்சிருந்தவர். நான் லீவு நாள்ல கூடப் போவேன். ராடு இறங்க இறங்க வெள்ளைப் பொடி புகையாப் பறக்கும், தலை கண்ணு இமையெல்லாம் மாவு அப்பின மாதிரி ஆயிடும். ஊத்து பட்டா பொடி டக்குனு நின்னு சேறா வெளிய வரும், அப்ப காட்டுக்காரர் மூஞ்சியப் பார்க்கணும். ஆனா பாதி நாள் 700, 800 அடி போயும் பொடிதான் பறக்கும். அந்த நாள்லயும் அப்பா சிவப்பு பைண்டு கணக்கு நோட்டை எடுத்து எழுதுவாரு. ஒரு பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம்: “காரிப்பட்டி ரோடு, மேட்டுக்காடு. 35 அடி மண்ணு. 110 வரை சுக்காம்பாறை. 280ல ஈரம். அப்புறம் கருங்கல்லு. 740ல நிறுத்தியாச்சு. தண்ணி இல்ல.”

சுத்துவட்டாரத்துல வேற வண்டிக்காரங்க வந்து அந்த நோட்டைத்தான் கேப்பாங்க. தண்ணி வந்த இடம் ஊருக்கே தெரியும். வராத இடம், எத்தனை அடி வரைக்கும் வரல, எந்தக் கல்லுல நின்னுதுங்கறது அந்த நோட்டுல மட்டும்தான் இருந்தது. துகள் தேடறவங்க “இந்த எடையில இருந்து இந்த எடை வரைக்கும், இவ்வளவு பலமா வினை புரியற துகள் இல்ல”ன்னு படம் போடறாங்கல்ல, அது எங்கப்பா நோட்டுதான். அடுத்தவன் அதே இடத்துல காசைக் கொட்ட வேண்டியதில்ல.

அப்புறம் தேடற வேலை எதிர்பாராத இடத்துல பலன் குடுக்கும். ஜப்பான்ல நியூட்ரினோ, அதாவது பெரும்பாலும் எதுலயும் மோதாம கடந்து போற குட்டித் துகளைப் பிடிக்கறதுக்குன்னு மலைக்கு அடியில தண்ணித் தொட்டி கட்டினாங்க, 1987ல ஒரு நட்சத்திரம் வெடிச்சதுல இருந்து வந்த 24 நியூட்ரினோ அதுல மாட்டுச்சு. நோபல் பரிசே கிடைச்சது.

ஜூன் 9, காலைல

நேத்து தூக்கக் கலக்கத்துல எழுதினதுல ரெண்டு தப்பு. 24ங்கறது மூணு இடத்துல சேர்த்து வந்த கணக்கு. ஜப்பான் கமியோகாண்டேல 11, அமெரிக்காவுல ஒஹாயோ உப்புச் சுரங்கத்துல இருந்த ஐஎம்பிங்கற டிடெக்டர்ல 8, ரஷ்யாவுல பக்ஸான்ல 5. இன்னொரு தப்பு பெருசு, அதை சாயங்காலம் உக்காந்து எழுதறேன், ஸ்கூலுக்கு நேரமாச்சு.

ஜூன் 11

சாயங்காலம்னு சொல்லி ரெண்டு நாள் ஓடிடுச்சு. கமியோகாண்டே நியூட்ரினோவுக்குக் கட்டினது இல்ல. புரோட்டான் உடையுதான்னு பார்க்கக் கட்டினது. தப்பை மட்டும் திருத்திட்டுப் போக மனசு வரல, ஏன்னா இங்கதான் நம்ம கேள்விக்கான விஷயமே இருக்கு, அதுவும் கோலார்ல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க பெரியப்பா கேஜிஎஃப்ல வேலை பார்த்தவர். இந்தப் பக்கத்துல இருந்து அப்ப நிறைய பேரு பொழைக்கப் போனாங்க. கூண்டுல இறங்கினா காது அடைச்சுக்கும், கீழ போனா சூடு தாங்காது, திடீர்னு பாறை பட்டாசு மாதிரி வெடிக்கும்னு சொல்வாரு. அங்க கீழ “சயின்ஸ்காரங்க ரூம்” ஒன்னு இருந்துச்சாம். மேல வெயில்ல திரியற படிச்ச ஆளுங்க எதுக்குய்யா தங்கமும் எடுக்காம இங்க வந்து உக்காந்திருக்காங்கன்னு இவங்க பேசிப்பாங்களாம். சின்ன வயசுல அந்தக் கதைய நான் பாதிதான் நம்பினேன்.

அத்தனையும் நிஜம். 1965ல வளிமண்டலத்துல உருவாகற நியூட்ரினோவை டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான், இங்கிலாந்து ஆளுங்களும் சேர்ந்து அங்கதான் பிடிச்சாங்க, அதே சமயத்துல தென்னாப்பிரிக்காவுல இன்னொரு தங்கச் சுரங்கத்துல இன்னொரு குழுவும் பிடிச்சுது. அப்புறம் 1974ல ஜியார்ஜி, கிளாஷோன்னு ரெண்டு பேரு ஒரு கொள்கை சொன்னாங்க, அதுப்படி புரோட்டான் நிரந்தரம் இல்ல, எப்பவாச்சும் உடையும். எப்ப? சராசரி ஆயுள் 1 போட்டு 30 சைபர் போட்டா வர்ற வருஷத்துக்குப் பக்கத்துல. பிரபஞ்சத்துக்கே வயசு 1,380 கோடி வருஷம்தான், அப்ப எப்படிக் காத்திருக்கறது? காத்திருக்க வேணாம், கூட்டமா வெச்சுப் பார்த்தாப் போதும். ஒரு டன் இரும்புல புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து 6 போட்டு 29 சைபர் அளவுக்கு இருக்கு. கோலார்ல 2,300 மீட்டர் ஆழத்துல 140 டன் இரும்பை அடுக்கி நடுவுல நடுவுல துகளை எண்ணற கவுன்ட்டர் வெச்சு 1980 கடைசில ஆரம்பிச்சாங்க. இதுக்குன்னே கட்டின முதல் பெரிய சோதனை அதுதான். சில நிகழ்வுகளைப் பார்த்துட்டு “இது புரோட்டான் உடைஞ்சதா இருக்கலாம்”னு வெளியிட்டாங்க. ஐஎம்பி, கமியோகாண்டே ரெண்டும் அதைவிடப் பெருசு. அதுல அந்த அளவுக்கு எதுவும் தெரியல. கோலார் சொன்னது நிக்கல.

ஆக உலகம் முழுக்க புரோட்டான் உடையறதைத் தேடினாங்க, இன்னிக்கு வரைக்கும் ஒன்னுகூட உடையல. 50,000 டன் தண்ணி வெச்ச சூப்பர் கமியோகாண்டே, ஆயுள் 34 சைபருக்கும் மேலன்னு சொல்லிடுச்சு. 1974ல சொன்ன அந்த எளிமையான கொள்கை இந்தத் தேடல்லயே அடிபட்டுப் போச்சு. ஆனா புரோட்டானுக்குன்னு கட்டின அந்தப் பழைய கமியோகாண்டே தொட்டிலதான் 1987 பிப்ரவரி 23ல நட்சத்திர நியூட்ரினோ வந்து விழுந்தது. அந்தக் குழுவோட தலைவர் கோஷிபா ரிடயர் ஆக ஒரு மாசம்தான் இருந்துச்சு. 2002ல அவருக்கு நோபல். 1998ல சூப்பர் கமியோகாண்டே, நியூட்ரினோ வகை மாறுதுன்னு காட்டினாங்க, அப்ப அதுக்கு எடை இருக்குன்னு அர்த்தம், அதுக்கு 2015ல அந்தக் குழுவோட கஜிடாவுக்கு நோபல்.

ஜூன் 12

“எதிர்பாராத பலன் கிடைக்கும்னு சொல்லி எதுக்கு வேணா காசு கேக்கலாமே”ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. சரிதான். ராத்திரி யோசிச்சேன். அந்தப் பலன் குருட்டு யோகம் இல்லைங்க. கமியோகாண்டே ஆளுங்க 1985, 86ல சூரிய நியூட்ரினோ பார்க்கணும்னு தண்ணிய இன்னும் சுத்தம் பண்ணி, சத்தத்தை, அதாவது பொய் சிக்னலைக் குறைச்சு, சின்ன வெளிச்சமும் தெரியற மாதிரி ஆக்கியிருந்தாங்க. அந்த வேலை முடிஞ்ச சூட்டோட நட்சத்திரம் வெடிச்சுது. சுத்தம் பண்ணாம விட்டிருந்தா அந்த 11 வந்த சுவடே தெரியாம போயிருக்கும். மானியம் கேக்கறப்ப “எதிர்பாராதது வரும்”னு எழுதறது எனக்கும் பிடிக்கல. “இவ்வளவு அமைதியான டிடெக்டர் இதுவரைக்கும் இல்ல”ன்னு எழுதினா ஒத்துக்குவேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆத்தூர்க்காரர் திரும்ப வந்தாரு. “சார், பூமிக்கடியில தண்ணின்னு ஒன்னு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால போர் போடறோம். ஆக்ஸியான்னு ஒன்னு எங்கயுமே இல்லைன்னா? அப்ப உங்க நோட்டு உவமை எப்படிப் பொருந்தும்?”

ரெண்டு நாளா இதேதான் மண்டைக்குள்ள. பொருந்தலங்க, அந்த இடத்துல உவமை உடையுது, ஒத்துக்கறேன். அதுக்குப் பதிலா ஒரு பழைய கதை சொல்றேன்.

யுரேனஸ் கணக்குப் போட்ட வழில போகல. லெவெரியேங்கற பிரெஞ்சுக்காரரு, வெளிய இன்னொரு கிரகம் இருந்து இழுக்குது, இந்த இடத்துல பாருங்கன்னு எழுதினாரு. 1846ல பெர்லின்ல பார்த்தாங்க, சொன்ன இடத்துக்குப் பக்கத்துலயே நெப்டியூன். அதே மனுஷன் 1859ல புதன் கிரகத்தோட பாதையும் கொஞ்சம் இடிக்குதுன்னு பார்த்தாரு. அதே முறை, அதே தைரியம், சூரியனுக்குப் பக்கத்துல வல்கன்னு ஒரு கிரகம் இருக்கணும்னாரு. கிரகணம் வந்தப்பல்லாம் தேடினாங்க. இல்ல. புதன் நூறு வருஷத்துக்கு 43 விகலை (ஒரு டிகிரியை 3,600ஆப் பிரிச்சா ஒன்னு ஒரு விகலை) அதிகமா நகருது, அவ்வளவு குட்டி வித்தியாசம், அதுக்குக் காரணம் 1915ல ஐன்ஸ்டீன் பொதுச் சார்பியல் எழுதினப்பதான் தெரிஞ்சது. வல்கன் எங்கயுமே இல்லாத கிரகம். ஆனா அதைத் தேடி இல்லைன்னு ஆனதாலதான், அந்த 43 விகலைய “எதாச்சும் சின்னக் கிரகமா இருக்கும்”னு மூடி மறைக்க முடியாம போச்சு.

டார்க் மேட்டர்லயும் நாம அந்த இடத்துலதான் நிக்கறோம். கேலக்ஸி சுத்தற வேகம், கண்ணுக்குத் தெரியற பொருளோட ஈர்ப்பை மட்டும் வெச்சுப் போட்ட கணக்குல உதைக்குது. அது நெப்டியூனா வல்கனான்னு உக்காந்த இடத்துல இருந்து சொல்ல வழியே இல்ல. தேடித்தான் ஆகணும்.

ஜூன் 21

இன்னிக்கு எங்க வீட்டுக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி நாலு பசங்களை வெச்சு, கதிர் பட்டா அடிக்கற கெய்கர் குழாய் ரெண்டு வாங்கி ஒன்னு மேல ஒன்னு அடுக்கி, ரெண்டும் ஒரே நேரத்துல அடிச்சா மட்டும் எண்ணற மாதிரி சர்க்யூட் போட்டோம். விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதி உண்டாகற மியூவான்ங்கற துகள் ரெண்டையும் துளைச்சுட்டுப் போகும், அக்கம்பக்கத்துக் கல்லுல இருந்து வர்ற கதிர் பெரும்பாலும் ஒன்னோட நின்னுடும். எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல மணிக்கு 180 பக்கத்துல வந்தது. ஒரு நாள் திடீர்னு ஒரே நிமிஷத்துல 40. பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப 35. பசங்க கத்தினதைக் கேட்டுக் கீழ இருந்து எங்க வீட்டம்மா ஓடி வந்தாங்க. காஸ்மிக் கதிர் மழையே கொட்டுதுன்னு ஒருத்தன் போர்டுல எழுதிட்டான். நானும் நம்பினேன், ராத்திரி சரியாத் தூக்கம் வரல.

மறுநாள் நேரம் போட்டுப் பார்த்தோம். பக்கத்து வீட்டு விசைத்தறி மோட்டார் ஆன் ஆகற நேரமும் எங்க 40 வர்ற நேரமும் ஒன்னு. கிரவுண்ட் வயரை நான் ஒழுங்கா முறுக்கல, தறி ஸ்டார்ட் ஆகறப்ப லைன்ல வர்ற அதிர்வு ரெண்டு குழாய்லயும் ஒன்னா ஏறிடுச்சு. அந்தப் பையன் போர்டை அழிக்கறப்ப அவன் மூஞ்சி வாடினது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. ஆனா அந்த நாலு பேரும் அன்னிக்குக் கத்துக்கிட்டதை நான் ஒரு வருஷம் போர்டுல எழுதிப் போட்டாலும் கத்துக் குடுத்திருக்க முடியாது.

பெரிய இடத்துலயும் இதேதான். 2011 செப்டம்பர்ல இத்தாலில நியூட்ரினோ வேகத்தை அளந்த ஒபேரா குழு நியூட்ரினோ ஒளியைவிட 60 நேனோ செகண்டு முன்னாடி வருதுன்னு அறிவிச்சாங்க, கடைசில பார்த்தா ஃபைபர் கேபிள் ஒன்னு சரியா சொருகாம இருந்தது. மோனோபோல் கதை வேற மாதிரி. வடக்கு தெற்குன்னு ரெண்டு முனை இல்லாம ஒத்தை முனைக் காந்தம் இருக்கலாம்னு விஞ்ஞானி டிராக் 1931ல சொன்னாரு. 1982 பிப்ரவரி 14 அன்னிக்கு ஸ்டான்ஃபோர்டுல கப்ரேராவோட கருவில, 5 சென்டிமீட்டர் விட்டத்துல நாலு சுத்து சுத்தின நியோபியம் கம்பிதான் அது, அந்த ஒத்தை முனை கடந்து போனா மின்சாரம் எவ்வளவு எகிறணுமோ கரெக்டா அவ்வளவு எகிறிச்சு. ஒரே ஒரு தடவை. ஆளும் இல்லாத நேரம். அவரு அதை உள்ளபடி எழுதினாரு, இன்னும் பெரிய கருவி கட்டினாரு, திரும்ப வரவே இல்ல. இத்தாலில மேக்ரோன்னு பெரிய டிடெக்டர் 2000 வரைக்கும் ஓடிச்சு, அதுலயும் இல்ல. இன்னிக்கு யாரும் அந்த ஒன்னை மோனோபோல்னு கணக்குல எடுக்கறதில்ல. எனக்கு கப்ரேரா மேல இருக்கற மரியாதை கொஞ்சமும் குறையல.

ஜூன் 22

எர்த்திங் எப்படிப் பண்ணோம்னு மூணு பேரு கேட்டிருக்கீங்க. குழாய் ரெண்டுக்கும் ஹை வோல்டேஜ் தனித்தனியா, சர்க்யூட்டை பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள வெச்சு டின்னை எர்த் பண்ணிடுங்க, சப்ளை பேட்டரில எடுங்க. அதுலயே முக்கால்வாசி போயிடும். 400 வோல்ட்டு இருக்கற இடத்தை பசங்களைத் தொட விடாதீங்க.

ஜூன் 29

ஆக்ஸியான் பத்தி நிறைய கேள்வி. சுருக்கமா: நியூட்ரான்ல பாசிட்டிவ் நெகட்டிவ் கொஞ்சம் விலகி இருந்திருக்கணும், அளந்து பார்த்தா விலகலே இல்ல, ஏன்னு புரியல. பெச்சேயும் குவின்னும் 1977ல ஒரு விளக்கம் குடுத்தாங்க, அந்த விளக்கம் சரின்னா ஒரு புதுத் துகள் இருந்தே ஆகணும்னு 1978ல வைன்பெர்க்கும் வில்செக்கும் காட்டினாங்க. துணி தோய்க்கற சோப்புப் பவுடர் ஒன்னோட பேரை வில்செக் அதுக்கு வெச்சாரு, கணக்குல இருந்த கறையைக் கழுவுதுன்னு. அதே துகள் டார்க் மேட்டராவும் இருக்கலாம்னு அப்புறம் தெரிஞ்சுது.

தேடற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன வயசுல ஏற்காட்டுல மாமா வீட்டுக்குப் போனா ராத்திரி ரேடியோ குமிழைத் திருகி இலங்கை ஸ்டேஷன் பிடிப்போம். முடி அளவு திருகணும், கொஞ்சம் கூடிட்டா கரகரப்பு. ஏடிஎம்எக்ஸ்னு அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்கற சோதனையும் அதேதான். பெரிய காந்தத்துக்குள்ள தாமிரம் பூசின ஒரு பாத்திரம், உள்ள கம்பியைத் துளித்துளியா நகர்த்தி அலைவரிசையை மாத்திக்கிட்டே கேக்கறாங்க. ஸ்டேஷன் எந்த நம்பர்ல இருக்குன்னு தெரியாது, ஸ்டேஷனே இருக்கான்னும் தெரியாது. 2018ல 650 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன இடைவெளியை, கொள்கை சொல்ற மெல்லிசான சத்தமும் கேக்கற அளவுக்குக் கேட்டு, இங்க இல்லைன்னு சொன்னாங்க.

இன்னொன்னு பண்றாங்க. தேடற ஆளுங்களுக்கே தெரியாம பொய் சிக்னல் விட்டு, கண்டுபிடிக்கறாங்களான்னு சோதிப்பாங்க. அதைப் படிச்சுட்டு நானும் பண்ணேன். பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு மாட்டற பழைய மேன்டில்ல தோரியம் இருக்கும், பசங்களுக்குத் தெரியாம ஒன்னை பாலிதீன் கவர்ல போட்டுக் கீழ்க் குழாய்க்கு அடியில ஒட்டி வெச்சேன். தறி விஷயத்துல போர்டு எழுதின அதே பையன்தான், ஒரு மணி நேரம் ஒன்னும் பேசாம உக்காந்திருந்துட்டு “சார், கீழ்க் குழாய் தனியா ரெண்டு மடங்கு அடிக்குது, ஆனா ரெண்டும் சேர்ந்து அடிக்கறது அப்படியே 180தான். இது வானத்துல இருந்து வரல, டேபிள்ல எதோ இருக்கு”ன்னான். கவரை எடுத்து அவன் கைல குடுத்தேன்.

ஜூலை 6

இதுவரைக்கும் எழுதினதைப் படிச்சா எல்லாத் தேடலையும் ஆதரிக்கற மாதிரி இருக்கு. அப்படி இல்லைங்க.

போர்ல நீரோட்டம் பார்க்கறவங்க வருவாங்க, கைல தேங்காயோ வேப்பங்குச்சியோ வெச்சுக்கிட்டு. சில பேரு 500 அடின்னு சொல்வாங்க. 500ல வரலைன்னா இன்னும் 100 போடுங்க. அதுலயும் இல்லைன்னா ஊத்து கொஞ்சம் கிழக்கால ஒதுங்கிடுச்சு. காட்டுக்காரர் நகையை அடகு வெச்சுக்கிட்டே இருப்பாரு. அப்பா அந்த மாதிரி ஆள் குறிச்ச இடத்துல ஓட்டறதுக்கு முன்னாடி ஒன்னு கேப்பாரு: “எத்தனை அடில வரலைன்னா நீ தப்புன்னு ஒத்துக்குவ?” பதில் சொல்லாதவங்ககிட்ட அவரு வண்டியை அனுப்பினதில்ல.

தெரிஞ்ச ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டுன்னு ஒரு கொள்கை, சூப்பர்சிமெட்ரி. அந்த ஜோடித் துகள்கள் ஐரோப்பாவுல செர்ன் ஆய்வகத்தோட துகள் மோதல் வளையமான எல்எச்சில கட்டாயம் வந்துடும்னு நான் காலேஜ் படிச்சப்ப பெரிய பெரிய ஆளுங்க எழுதினாங்க. மத்த துகளுக்கு எடை வர்றதை விளக்கற ஹிக்ஸ் துகள் வந்துது, 1964ல சொன்னது 2012 ஜூலை 4ல, அது நெப்டியூன் மாதிரி. சூப்பர்சிமெட்ரி வரல. வரலைன்னதும் எடையைக் கொஞ்சம் மேல தள்ளிக்கிட்டாங்க, அப்புறம் இன்னும் மேல. இப்ப செர்ன் 91 கிலோமீட்டர் சுத்தளவுல புது வளையம் பேசுது, முதல் கட்டத்துக்கே 1,500 கோடி சுவிஸ் ஃபிராங்க், நம்ம காசுல ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல. ஹிக்ஸை நுணுக்கமா அளக்கறதுக்குன்னு கேட்டா அது ஒரு நேர்மையான காரணம், அதை எடை போட்டுப் பார்க்கலாம். புதுத் துகள் வந்துடும்னு சொல்லிக் கேட்டா, எங்கப்பா கேட்ட கேள்வியை நானும் கேப்பேன்.

ஆக்ஸியான் சோதனைல எனக்குப் பிடிச்சதே இதுதான். இந்த அலைவரிசை, இந்த அளவு சத்தம், கேக்கலைன்னா இங்க இல்ல. வாயை மாத்த இடமில்ல.

ஜூலை 7

நேத்து ஒன்னு விட்டுப் போச்சு. இத்தாலில கிரான் ஸாஸோ மலைக்கடியில செனான்ஒன்டின்னு டார்க் மேட்டர் தேடின திரவச் செனான் தொட்டி. 2020ல 232 நிகழ்வு எதிர்பார்த்த இடத்துல 285 வந்துது, உலகமே ஆக்ஸியான்னு பேசிச்சு. அவங்களே டிரிட்டியம்ங்கற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்திருக்கலாம்னும் எழுதினாங்க. 2022ல அதைவிட சுத்தமான தொட்டில அந்த அதிகம் காணாம போச்சு. ஆனா அதே பழைய தொட்டி 2019ல செனான்-124 சிதையறதை அளந்துது. அரை ஆயுள், அதாவது பாதி அணு சிதைய ஆகற காலம், 1.8 போட்டு 10ஐ 22 தடவை பெருக்கின வருஷம். பிரபஞ்ச வயசுக்கு லட்சம் கோடி மடங்குக்கும் மேல. நேரடியா அளந்ததுல அவ்வளவு மெதுவான சிதைவு அதுவரைக்கும் கிடையாது. டார்க் மேட்டர் கிடைக்காத தொட்டி சார் அது.

ஜூலை 13

“அப்ப தேனி நியூட்ரினோவுக்கு ஆதரவா?”ன்னு நாலஞ்சு பேரு, கொஞ்சம் கோவமாவே.

முதல்ல, நியூட்ரினோ கற்பனைத் துகள் இல்ல. பாலி 1930ல கற்பனையாச் சொன்னாரு, ரைன்ஸ், கவன்னு ரெண்டு பேரு 1956ல அணு உலை பக்கத்துல பிடிச்சுட்டாங்க. பொட்டிப்புரத்துல திட்டமிட்டது 50,000 டன் காந்த இரும்பு, சுமார் 1,500 கோடி ரூபாய், 2015 ஜனவரில மத்திய அமைச்சரவை ஒத்துக்குச்சு. ஊர்க்காரங்க எதிர்த்தாங்க, 2022ல தமிழ்நாடு அரசும் சுப்ரீம் கோர்ட்டுல வேணாம்னு சொல்லிடுச்சு. நியூட்ரினோ ஆபத்துன்னு பரவினதுல உண்மை இல்ல, இப்ப நீங்க இதைப் படிக்கறப்பவே நகக்கண் அளவு இடத்துல நொடிக்கு 6,000 கோடிக்கு மேல சூரிய நியூட்ரினோ உங்களைக் கடந்து போகுது. ஆனா மலையைக் குடையறது, வெடி, தண்ணி, காடு பத்தி மக்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி, அதுக்கு அவங்க ஊர்ப் பேச்சுல பொறுமையாப் பதில் சொல்லியிருக்கணும். எங்க சேலத்துல வெள்ளைக்கல் வெட்டின குழியைப் பார்த்து வளர்ந்தவன் நான், மலைன்னா மக்களுக்கு எவ்வளவு பயம் வரும்னு தெரியும். எனக்கு அந்த ஆய்வகம் வரணும்னு ஆசை இருந்தது, இப்பவும் இருக்கு. வராம போனதுக்கு மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

மதுரைல 85 டன்ல சின்ன மாதிரி டிடெக்டர் ஒன்னு ஓடுது. பசங்களைக் கூட்டிட்டுப் போகணும்.

ஜூலை 20

போன சனிக்கிழமை ஏற்காடு போனோம். பேட்டரி, பிஸ்கட் டின், குழாய், எல்லாத்தையும் பஸ்ல மடில வெச்சுக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மாமா வீட்டுத் திண்ணைல கடை பரப்பினோம். சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, அதுக்குள்ள பனி நுழைஞ்சு வந்து டின் மேல முத்து முத்தா நிக்குது, அத்தை பழைய கம்பளியைக் குடுத்து மூடச் சொன்னாங்க. மணிக்கு 221, 234, 219. கீழ 280 மீட்டர்ல 180, மேல 1,500 மீட்டர்ல இது. மேல ஏற ஏற மியூவான் கூடுதுன்னு புஸ்தகத்துல ஒரு வரி. பசங்க அதைக் கையால எண்ணினாங்க.

மியூவானே தப்பான தேடல்ல வந்த துகள். யுகாவா 1935ல அணுக்கருவைக் கட்டி வைக்க ஒரு துகள் இருக்கணும்னாரு. அடுத்த வருஷமே காஸ்மிக் கதிர்ல எடை ஏறக்குறையப் பொருந்தற ஒன்னு தெரிஞ்சுது, பத்து வருஷம் போல அதுதான் யுகாவா சொன்னதுன்னு நம்பினாங்க, ஆனா அது மியூவான். யுகாவா சொன்ன உண்மையான துகள், பையான், 1947லதான் பிடிபட்டது. நடுவுல நம்ம நாட்டுல பிபா சௌதுரிங்கற பெண் விஞ்ஞானியும் டி. எம். போஸும் டார்ஜிலிங் பக்கம், சந்தக்பூ மலை மேலெல்லாம் போட்டோ தகடுகளை வெச்சு எடுத்து வந்து இதே துகள்களோட எடையை அளந்து நேச்சர்ல எழுதினாங்க. போர்க்காலம், நல்ல தகடு கிடைக்கல. அதே முறைல நல்ல தகடு கிடைச்ச பவலுக்கு 1950ல நோபல். திண்ணைல உக்காந்து பசங்களுக்கு இதைச் சொன்னப்ப ஒரு பொண்ணு கேட்டா, “அந்தம்மா தகடை எப்படி சார் மலை மேல தூக்கிட்டுப் போனாங்க?” எனக்குப் பதில் தெரியல. ஆனா அவ அந்தப் பஸ்ல டின்னை இறக்கவே விடல, இறங்கற வரைக்கும் அவ மடிலயே வெச்சிருந்தா.

ஆத்தூர்க்காரருக்கு: லேப் பத்தி வரேன்னு சொன்னேன்ல. ஆமாங்க, மல்டிமீட்டர் வேணும், எல்லா ஸ்கூலுக்கும் வேணும், அது இதுக்குப் பதிலாவா அதுக்குப் பதிலாவான்னு பிரிச்சுக் கேக்கறதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். மல்டிமீட்டரை எதுக்குத் தொடணும்னு பிள்ளைக்கு ஆசை வரணும்ல. அந்த 221ஐப் பார்த்த பொண்ணு அடுத்த நாள் வந்து ஓம் விதிய திரும்பச் சொல்லிக் குடுங்க சார்னு கேட்டா. எங்ககிட்ட ரெண்டு மீட்டர் கூடுதலா இருக்கு, உங்க ஸ்கூல் வாத்தியாரைப் பேசச் சொல்லுங்க, ஒன்னு அனுப்பி வைக்கறேன். குழாய் ஒரு ஜோடியும் கொஞ்ச நாளைக்குக் குடுக்கலாம்.

ஆகஸ்ட் 3

மீட்டர் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு ஆத்தூர்ல இருந்து தகவல் வந்தது. சந்தோஷம்.

பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், எங்க கதைல அவரு மோட்டாரும் இருக்குன்னு. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, “ஒரு ராத்திரி நிறுத்தி வெக்கறேன், சுத்தமா எண்ணிப் பாருங்க வாத்தியாரே”ன்னாரு. கூலிக்கு ஓடற தறி, நிறுத்தினா அவருக்கு நஷ்டம், வேணாம்னு சொல்லியும் கேக்கல. நேத்து ராத்திரி 9 மணிக்கு நிறுத்திட்டு அவரே மாடி ஏறி வந்து டின்னுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. பன்னெண்டு மணிக்கு மேல யாரும் பேசல. தறிச் சத்தமே இல்லாத எங்க தெருவை நான் பொங்கல் அன்னிக்குத்தான் கேட்டிருக்கேன்.

ஆறு மணி நேரத்துல 1,093. எந்த நிமிஷத்துலயும் தாவல் இல்ல. நோட்டுல எழுதியாச்சு.